எட்வர்ட் லியர் வரைந்த கோர்ஃபு: ஒரு கிரேக்க நிலக்காட்சியை அவர் வழியிலேயே நீர்வண்ணத்தில் வரைய முழுமையான வழிகாட்டி

ஆலிவ் தோப்புக்குள் நின்று பார்க்கிறோம். இரண்டு பக்கமும் முதுமையில் முறுக்கேறிய அடிமரங்கள். நடுவே தரை சரிந்து இறங்குகிறது, அதன் கீழே கடல். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் ஒரு கோட்டை, இரண்டு திமில்போல இரண்டு உச்சிகள். நீருக்கு அப்பால் அல்பேனிய மலைகள் ரோஜாப் பொடி தூவினாற்போல் நிற்கின்றன. இது கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில், நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அனாலிப்சி என்ற சிற்றூரிலிருந்து தெரியும் காட்சி. அந்த ஊரை ஆங்கிலேயர் அசென்ஷன் என்றார்கள். எட்வர்ட் லியர் இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, இதே கோட்டையை இதே மரங்களுக்கு நடுவே வரைந்தார்.

இந்தப் படங்களைப் பார்த்து வரைந்து பழகியபோது எனக்குப் புரிந்தது இதுதான்: லியர் ஒரு படத்தை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலால் கோடு போடுவார். வண்ணத்தைப் பூசமாட்டார், அந்தத் தாளிலேயே சொற்களாக எழுதுவார். பிறகு, பல சமயம் மாதங்கள் கழித்து, அறையில் உட்கார்ந்து மைக்கோடு போட்டு, தான் எழுதியதைத் தானே படித்து நிறம் ஏற்றுவார். பார்க்கும் வேலையையும் பூசும் வேலையையும் பிரித்துவிட்டதால் இரண்டுக்கும் முழுக் கவனம் கிடைத்தது. நம்மில் பலருக்கு வெளியில் உட்கார்ந்து வரைவதில் இருக்கும் பதற்றம் பாதி இந்த ஒரு பழக்கத்தால் போய்விடும். அதனால்தான் இந்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். நீர்வண்ணம் கொஞ்சம் கையாண்டவர்களுக்கு இது போதும், பெரிய பயிற்சி தேவையில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

லியர் 1812 மே 12 அன்று லண்டனில் ஹாலவே பகுதியில் பிறந்தார். தந்தை பங்குத் தரகர். இருபது பிள்ளைகளுக்கு மேல் பிறந்த வீடு அது. பணம் கைவிட்டுப் போனதும் வீடு சிதறியது. லியரை வளர்த்தது அவரைவிட 21 வயது மூத்த அக்கா ஆன். வரையச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். சின்ன வயதிலேயே வலிப்பு வந்தது. அந்தக் காலத்தில் அது வெளியில் சொல்லக்கூடாத நோய், அதனால் சாகும்வரை மறைத்தே வாழ்ந்தார். வலிப்பு வந்த நாட்களை நாட்குறிப்பில் பெருக்கல் குறி போட்டுக் கணக்கு வைத்தார். ஆஸ்துமாவும் அவ்வப்போது கவியும் மனச்சோர்வும் கூடவே இருந்தன.

பதினைந்து வயதில் படம் வரைந்து பிழைக்கத் தொடங்கிவிட்டார். லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து, 1830 முதல் 1832 வரை பகுதி பகுதியாகத் தானே வெளியிட்டார். அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. அதைப் பார்த்த டர்பி பிரபு குடும்பம் நோஸ்லி மாளிகையில் இருந்த பறவை, விலங்குகளை வரைய அழைத்தது. ஆனால் இறகு இறகாக வரைந்து கண் கெட்டது, இங்கிலாந்தின் குளிர் நெஞ்சைப் படுத்தியது. 1837-இல் ரோமுக்குப் போனார். அங்கே பத்து ஆண்டுகள் இருந்து, நிலக்காட்சி ஓவியராக மாறினார். உலகம் அவரைக் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்கள் எழுதியவராகத்தான் நினைவு வைத்திருக்கிறது. அவரோ தன்னை வாழ்நாள் முழுக்க நிலக்காட்சி ஓவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். அவர் சொன்னதை நம்பி அந்தப் படங்களைப் பார்ப்பதுதான் நாம் அவருக்குச் செய்யும் நியாயம் என்று நினைக்கிறேன்.

1848 ஏப்ரலில் முதன்முதலாகக் கோர்ஃபுவில் இறங்கினார். அப்போது கோர்ஃபு உள்ளிட்ட அயோனியத் தீவுகள் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தன. அந்தத் தீவு அவரை விடவே இல்லை. 1855 முடியும்போது வந்து 1858 வரை, பிறகு 1861 முதல் 1864 வரை குளிர்காலங்கள் என்று அங்கேயே வாழ்ந்தார்.

படி 1: அசல் படங்களை நிதானமாகப் பாருங்கள்

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒரு முழு மாலையை இதற்குக் கொடுங்கள். லியரின் நிலக்காட்சி வரைபடங்களில் பெரிய தொகுதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தாள்கள், இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஏதென்ஸில் உள்ள ஜெனேடியஸ் நூலகத்தில் சுமார் 200 கிரேக்கக் காட்சிகள் இருக்கின்றன.

ஒரு படத்தைத் திரையில் முடிந்த அளவு பெரிதாக்குங்கள். மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் சாம்பல் நிறப் பென்சில், வேகமாக ஓடிய கோடு. அதன்மேல் பழுப்பு மை, நிதானமான கோடு. அதற்கும் மேல் கண்ணாடிபோன்ற நீர்வண்ணப் பூச்சு, பல இடங்களில் தாள் அப்படியே வெறுமையாக விடப்பட்டிருக்கும். பென்சிலும் மையும் விலகி ஓடும் இடங்களைத் தேடுங்கள். அங்கேதான் அவர் மறுபடி யோசித்திருக்கிறார். அப்புறம் எழுத்துகளைத் தேடுங்கள். பாறைமேல், மரத்தின்மேல், வானத்தில்கூட எழுதியிருப்பார். ஒரு மூலையில் ஊர்ப் பெயர், தேதி, பல சமயம் மணி, ஒரு வரிசை எண். பாறை என்று குறிக்க ஆங்கிலச் சொல்லை 'ராக்ஸ்' என்ற ஒலிக்கு ஏற்ப எக்ஸ் எழுத்து போட்டுச் சுருக்கிவிடுவார். வேகமும் விளையாட்டும் சேர்ந்த எழுத்து அது.

கோட்டை தெரியும் கோர்ஃபு படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் முறை அதைப் பார்த்தே வரையலாம். லியர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, பார்த்து வரைவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோர்ஃபுவுக்கே போகும் வாய்ப்பு இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: சாமான்கள்

தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, லேசாகச் சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாள். அகலம் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், கோர்ஃபு காட்சிக்கு அந்த அகலம் வேண்டும். முழு வெள்ளையைவிடத் தந்த நிறம் கலந்த தாள் இந்த வேலைக்குப் பொருந்தும்.

பென்சில்: 2பி ஒன்று போதும். ரப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மை: இதில் மட்டும் சமரசம் வேண்டாம். தண்ணீர் பட்டால் கரையாத பழுப்பு அல்லது செபியா மை, தொட்டு எழுதும் நிப் பேனா. முதல் தடவை நான் வீட்டில் இருந்த சாதாரணப் பேனா மையை எடுத்துக் கோடு போட்டேன். இரண்டு மணி நேரம் கவனமாகப் போட்ட கோட்டையின்மேல் முதல் பூச்சு விழுந்ததும் மை கரைந்து கடலெல்லாம் பரவிவிட்டது. வரையும் முன் ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள்.

வண்ணம்: அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, ஒரு ரோஜாச் சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். இந்த ஆறு போதும். பச்சை ட்யூப் வாங்காதீர்கள். கடைப் பச்சையில் கிரேக்க ஆலிவ் கிடைக்காது. கறுப்பும் வேண்டாம்.

பிரஷ்: பெரிய வட்டப் பிரஷ் ஒன்று, 12-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில். நுனி கூர்மையான 6-ஆம் எண் ஒன்று. இரண்டு குவளைத் தண்ணீர், ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக இருக்க.

படி 3: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

லியர் விடிவதற்கு முன் கிளம்பிவிடுவார். காலையில் வரைவார், உச்சிவெயிலில் ஓய்வு, மாலையில் மறுபடி. காரணம் வெயிலின் கொடுமை மட்டும் கிடையாது. உச்சிப்பொழுதில் நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும், மலை தட்டையாகிவிடும். சாய்ந்த ஒளியில்தான் மலையின் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

அனாலிப்சியிலிருந்து பார்க்கும்போது கோட்டை வடக்கே இருக்கும், அல்பேனியக் கரை கிழக்கே விரியும். மாலையில் சூரியன் தீவின் மேற்குப் பக்கம் இறங்கும்போது தோப்பு நிழலுக்குள் போய்விடும், எதிர்க்கரை மலைகள்மட்டும் ஒளியில் நிற்கும். முன்னால் இருள், தொலைவில் ஒளி. இந்தக் காட்சியின் உயிர் அதுதான். நாம் மாலைப் படத்தையே வரைவோம்.

படி 4: பென்சில் கோடு, இருபது நிமிடம்

தாளின் உயரத்தை ஐந்தாக மனதில் பிரியுங்கள். மேலே இரண்டு பங்கு வானம். அடுத்த ஒரு பங்குக்குள் மலை, கோட்டை, கடல் மூன்றும் அடங்கிவிட வேண்டும். கீழே இரண்டு பங்கு தோப்பும் சரிவும்.

தொலைவிலிருந்து தொடங்குங்கள். முதல் கோடு அல்பேனிய மலைகளின் மேல்விளிம்பு. கையை எடுக்காமல் இடமிருந்து வலம் ஒரே ஓட்டத்தில் போடுங்கள். நீரும் நிலமும் சேரும் விளிம்பை ஸ்கேல் வைத்ததுபோல் நேராகப் போடுங்கள். கடல்மட்டம் துளி சாய்ந்தாலும் படம் முழுக்கத் தள்ளாடும். பிறகு கோட்டையின் இரண்டு உச்சிகள். கோர்ஃபு என்ற பெயரே உச்சிகள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான், அதனால் இந்த இரண்டு மேடும் பிசகக்கூடாது. இரண்டும் ஒரே உயரம் இல்லை, எது கூடுதல் என்று உற்றுப் பாருங்கள்.

எல்லோரும் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. கோட்டை முக்கியம் என்பதால் அதைப் பெரிதாக வரைந்துவிடுவோம். லியரின் படத்தில் அளந்து பாருங்கள். அந்தப் பெரிய தாளில் கோட்டை உங்கள் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். சிறிதாக இருப்பதால்தான் தொலைவு தெரிகிறது, தொலைவு தெரிவதால்தான் நமக்கு அங்கே போக வேண்டும்போல் இருக்கிறது.

கடைசியில் மரங்கள். இரண்டு ஓரங்களிலும் உயர்ந்த மரம், நடுவே திறந்த வழி. இது லியர் ரோமில் இருந்தபோது பழைய நிலக்காட்சி மரபிலிருந்து எடுத்துக்கொண்ட அமைப்பு. ஆனால் கோர்ஃபுவில் அது வெறும் அமைப்பு மட்டும் இல்லை, அங்கே மரங்கள் உண்மையிலேயே அப்படித்தான் நிற்கின்றன. 1386 முதல் 1797 வரை அந்தத் தீவை ஆண்ட வெனிஸ்காரர்கள் ஆலிவ் நடுபவர்களுக்குப் பணம் கொடுத்து ஊக்கினார்கள். கிரேக்கத்தின் மற்ற இடங்களில் ஆலிவ் மரத்தைக் கவாத்து செய்து கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பார்கள். கோர்ஃபுவில் அப்படி வெட்டாமல் விட்டதால் அவை காட்டுமரம்போல ஓங்கி வளர்ந்திருக்கின்றன. அடிமரத்தில் ஓட்டையும் முடிச்சும் நிறைய. பழைய புளியமரத்தின் அடியை வரைந்து பழகிய கைக்கு இது வசப்படும். முறுக்கைமட்டும் வரையுங்கள், பட்டையை விட்டுவிடுங்கள்.

தப்பாகப் போன கோடுகளை அழிக்க வேண்டாம். பக்கத்தில் சரியான கோடு போடுங்கள். எதைத் தேர்வது என்று மைபோடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: தாளிலேயே எழுதுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இந்தப் படிதான். பென்சில் கோடு முடிந்ததும் வண்ணப்பெட்டியைத் திறக்காதீர்கள். காட்சியை மேலிருந்து கீழாகப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் அதன் நிறத்தைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள்.

"நீலம்", "பச்சை" என்று எழுதினால் பயன் இல்லை. ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது அது எந்த நீலம் என்று உங்களுக்கே தெரியாது. ஒப்பிட்டு எழுதுங்கள். நான் ஒரு மாலைக் காட்சிக்கு எழுதிய குறிப்புகள் இவை: "மலை உச்சி, செம்பருத்தி வாடின நிறம்." "அடிவாரம் இன்னும் வெளுப்பு, புகைபோல." "கடல், பால் கலந்த நீலம், கரை ஓரம்மட்டும் மயில்கழுத்து." "ஆலிவ், சாம்பல் பூத்த பச்சை, விபூதி தட்டினமாதிரி." "சைப்ரஸ் மரம், படத்திலேயே இதுதான் அதிக இருட்டு." "வழி, வெந்த செங்கல்." "வானம் கீழே சூடு, மேலே குளிர்ச்சி."

நிறத்தோடு இருட்டின் அளவையும் எழுதுங்கள். ஒன்று என்றால் தாளின் வெள்ளை, ஐந்து என்றால் அடர் இருட்டு. மலைக்கு இரண்டு, கடலுக்கு இரண்டு, கோட்டைக்கு மூன்று, தோப்புக்கு நான்கு, சைப்ரஸுக்கு ஐந்து. நிறம் தவறினாலும் இந்த எண்கள் சரியாக இருந்தால் படம் நிற்கும்.

பிறகு மூலையில் ஊர், தேதி, மணி, வரிசை எண். லியர் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றிலிருந்து எண் போட்டு வந்தார். 1864 ஏப்ரல், மே மாதங்களில் கிரீட் தீவைச் சுற்றியபோதும் அப்படித்தான், மழையிலும் தெள்ளுப்பூச்சிக் கடியிலும்கூட எண் விடவில்லை. இந்தியாவுக்கு வந்தபோதும் இதே பழக்கம். வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி, 1874-இல் மதராஸ் பக்கம் வந்து மாமல்லபுரத்தைப் பென்சிலால் பிடித்து, குறிப்பு எழுதி, தேதி போட்டார். கோர்ஃபுப் பாறைக்கும் மாமல்லபுரப் பாறைக்கும் ஒரே கை, ஒரே முறை.

படி 6: ஆறப்போடுங்கள்

குறைந்தது ஒரு இரவு. முடிந்தால் ஒரு வாரம். தாளை எடுத்துப் பார்க்காதீர்கள்.

லியருக்கு இந்த இடைவெளி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நீண்டது. கோடையில் அலைந்து வரைவதும் குளிர்காலத்தில் அறையில் உட்கார்ந்து மைபோடுவதும் அவருடைய ஆண்டுச் சுழற்சி. அலைச்சல் என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. 1848 கோடையில் கிரேக்கத்தில் குதிரையிலிருந்து விழுந்து தோளில் அடிபட்டு, தீப்ஸ் நகரில் கடும் காய்ச்சலில் விழுந்து, ஏதென்ஸுக்குத் தூக்கிவரப்பட்டார். அதே ஆண்டு, துறவி மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலைக்குப் போக முயன்றபோது தெசலோனிகியில் காலரா பரவி வழி அடைபட்டது. சளைக்காமல் அல்பேனியாவுக்குத் திரும்பிப் போனார். ஆதோஸ் மடங்களை வரைய எட்டு ஆண்டு காத்திருந்து 1856-இல்தான் போக முடிந்தது. அப்போது துணைக்குப் போனவர் ஜார்ஜியோ கொக்காலி, சூலி மலைக்காரர், அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர். சமையல், மூட்டை தூக்குவது, நோயில் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். லியர் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1883-இல் ஜார்ஜியோ இறக்கும்வரை 27 ஆண்டுகள் அந்தத் துணை நீடித்தது. லியரின் கிரேக்கப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், படத்துக்கு வெளியே வெயிலில் காத்து நின்ற இந்த மனிதரையும் நினைத்துக்கொள்வேன்.

குறிப்பு எழுதினாலும் எல்லாம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1852-இல் லியர் தன்னுடைய வரைபடங்களை வில்லியம் ஹோல்மன் ஹன்ட் என்ற ஓவியரிடம் காட்டினார். ஹன்ட் அவரைவிட 15 வயது சின்னவர். வெறும் கோடும் எழுத்தும் வைத்துக்கொண்டு பெரிய எண்ணெய் ஓவியம் போட முடியாது, பாறையையும் மரத்தையும் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்றார் ஹன்ட். லியர் நாற்பது வயதில் அவரிடம் மாணவராகப் போய், அவரை 'டாடி' என்று கூப்பிட்டுக் கற்றுக்கொண்டார். 1849-இல் தெற்குக் கிரேக்கத்தின் பெலோபொன்னீஸ் மலைகளுக்குள் பாஸே என்ற இடத்தில் பார்த்த அப்பல்லோ கோயிலை, 1854, 1855 ஆண்டுகளில் எண்ணெய் ஓவியமாக வரைந்தபோது, முன்புறத்து ஓக் மரத்தையும் பாறைகளையும் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் தேடிப்பிடித்து வரைந்து சேர்த்தார். அந்த ஓவியம் இப்போது கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் முன்புறத்தில் வரும் ஒரு மரத்தையும் ஒரு கல்லையும் தனியாக ஒரு சின்னத் தாளில் விவரமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைவுக்குக் குறிப்பு போதும், பக்கத்தில் இருப்பதற்குப் போதாது.

படி 7: மைக்கோடு

மேசையில், நல்ல வெளிச்சத்தில், அவசரம் இல்லாமல். லியர் இதற்குத் தனியாகவே ஒரு பெயர் வைத்திருந்தார், பேனாவால் எடுத்தெழுதுவது என்ற பொருளில்.

மூன்று விதமாக மையைக் கலந்துகொள்ளுங்கள். தொலைவு மலைக்குத் தண்ணீர் நிறையச் சேர்த்த மை, கோடு அங்கங்கே அறுந்து போகட்டும். கோட்டைக்கும் கரைக்கும் பாதி மை. முன்புற மரங்களுக்கு முழு மை, அழுத்திப் போடலாம். மலையின் மேல்விளிம்பைமுழுவதும் மையால் சுற்றிவிடாதீர்கள், வெட்டி ஒட்டிய அட்டைமாதிரி ஆகிவிடும். ஒளி படும் பக்கத்தை விட்டு நிழல் பக்கத்தைமட்டும் தொடுங்கள்.

ஆலிவ் இலைக்கு இலை வரையத் தேவையில்லை. நிப்பைத் தளர்வாகப் பிடித்து, கிளை போகும் திசையில் சின்னச் சின்ன வளைவுகள். கொத்து கொத்தாக, நடுவே வானம் தெரியும் ஓட்டைகள் விட்டு. குறிப்பு எழுத்துகள்மேலும் மைபோட்டு நிலைப்படுத்துங்கள். அழகு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம், அவையும் படம்தான்.

ஒரு மணி நேரமாவது காயட்டும்.

படி 8: வண்ணம் ஏற்றுதல்

தாளைப் பலகையில் ஒட்டி, மேல்பக்கம் லேசாக உயர்த்தி வையுங்கள். நம் ஊர் வெயிலில் தாள் சட்டென்று காய்ந்து பூச்சில் திட்டு விழும். விசிறியை நிறுத்திவிட்டு, கலவையை முன்கூட்டியே தாராளமாகக் கலந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வானம் முதலில். கீழ்ப்பகுதியில் யெல்லோ ஓக்கரும் துளி ரோஜாவும், மிக மெல்லிசாக. அது ஈரமாக இருக்கும்போதே மேலிருந்து கோபால்ட் நீலத்தை இறக்குங்கள். இரண்டும் சேரும் இடத்தைத் தொடாதீர்கள், தானே கலக்கட்டும். இந்தச் சூடான அடிப்பூச்சை மலைகளின்மீதும் கடலின்மீதும் அப்படியே ஓடவிடுங்கள். பிறகு எல்லா நிறமும் ஒரே ஒளியில் குளித்ததுபோல் இருக்கும்.

நன்றாகக் காய்ந்ததும் மலை. கோபால்ட் நீலம், ரோஜா, துளி ஓக்கர். உச்சியில் ரோஜா தூக்கலாக, அடிவாரம் வரும்போது தண்ணீர் சேர்த்து வெளுக்கச் செய்யுங்கள். கடலுக்கு அருகில் காற்றில் ஈரம் இருப்பதால் மலையின் அடி எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். இது ஒன்றைச் செய்தாலே மலை பின்னால் போய்விடும். காய்ந்தபின் மடிப்பு நிழல்களை அதே கலவையில் நீலம் கூட்டி, ஒரே தடவலில்.

கடல் ஒரே பூச்சு. கிடைமட்டமாக, பெரிய பிரஷ்ஷால், நடுவில் நிறுத்தாமல். கரையோரம் ஒரு நூல் அளவு வெள்ளை விட்டுவிடுங்கள். கோட்டைக்கு ஓக்கரும் பர்ன்ட் சியென்னாவும் மெல்லிசாக, நிழல் பக்கம் அல்ட்ராமரின் கலந்த ஊதாச் சாம்பல்.

இப்போது ஆலிவ். அல்ட்ராமரினும் யெல்லோ ஓக்கரும் கலந்தால் ஒரு மந்தமான பச்சை வரும். அதில் துளி பர்ன்ட் சியென்னாவைச் சேர்த்தால் சாம்பல் பூக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளிபோல் இருப்பதால் காற்று வீசும்போது மரமே நிறம் மாறும். அந்த வெள்ளியை வண்ணத்தால் கொண்டுவர முடியாது. தாளின் வெறுமையை விட்டுத்தான் கொண்டுவர வேண்டும். மரம் ஒவ்வொன்றிலும் கால்வாசி இடமாவது பூசாமல் விடுங்கள். மெல்லிசான முதல் பூச்சு காய்ந்ததும் நிழல் கொத்துகளைமட்டும் இரண்டாம் முறை.

சைப்ரஸ் மரங்களுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும் சரிபாதி, துளி எலுமிச்சை மஞ்சள். ஒரே தொடலில், கெட்டியாக. நீங்கள் ஐந்து என்று எழுதிய இடம் இதுதான், துணிந்து இருட்டாக்குங்கள். இந்த இருட்டு விழுந்த உடனே தொலைவு மலை ஒளிர ஆரம்பிக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது.

முன்புறத் தரைக்கு ஓக்கர், செங்கல் நிறம், குறுக்கே விழும் ஊதா நிழல்கள். கீழ் ஓரத்தை முடிக்காமல் கோடாகவே விட்டுவிடலாம். லியர் அடிக்கடி அப்படித்தான் விட்டார்.

நிறம் சேறாகிவிட்டால் மேலும் பூசாதீர்கள். காயவிட்டு, சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் தடவி, துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று பூச்சுக்குமேல் எந்த இடத்திலும் போகவேண்டாம்.

படி 9: ஆட்கள்

லியருக்கு மனித உருவம் கடைசிவரை கடினமாகவே இருந்தது. 37 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்து இளைஞர்களோடு உட்கார்ந்து படித்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். அவர் படங்களில் ஆட்கள் சின்னதாக வருவார்கள். ஓர் ஆட்டிடையன், வழியில் போகும் பெண்கள், சில ஆடுகள். மூன்று பேருக்குமேல் வேண்டாம். தலை ஒரு புள்ளி, உடல் ஒரு தொடல், காலடியில் ஒரு நிழல். அருகருகே இரண்டு பேர், தள்ளி ஒருவர். மரத்தின் உயரம் அப்போதுதான் பார்ப்பவருக்குத் தெரியும்.

படி 10: நிறுத்தி, எண் போட்டு, பத்திரப்படுத்துங்கள்

1860-களின் தொடக்கத்தில் கோர்ஃபுக் குளிர்காலம் ஒன்றில், பணமுடையில் இருந்த லியர் 60 நீர்வண்ணப் படங்களை ஒரே நேரத்தில் செய்தார். எல்லாவற்றுக்கும் முதலில் பென்சில், பிறகு எல்லாவற்றுக்கும் நீலம், பிறகு எல்லாவற்றுக்கும் அடுத்த நிறம் என்று வரிசையாக. தன்னை அடக்கி ஆண்ட அந்தப் படங்களுக்குக் கொடுங்கோலர்கள் என்று பெயர் வைத்தார். விற்பனைக்குப் போனவை அவை. இந்தக் குறிப்பெழுதிய வேலைத்தாள்களை அவர் விற்கவில்லை, அவைதான் அவருடைய களஞ்சியம். 1863-இல் தானே கல்லச்சில் வரைந்து வெளியிட்ட ஏழு அயோனியத் தீவுகள் நூலின் 20 படங்களும் இந்தக் களஞ்சியத்திலிருந்து பிறந்தவை. அடுத்த ஆண்டு பிரிட்டன் அந்தத் தீவுகளைக் கிரேக்கத்திடம் ஒப்படைத்தது, லியரின் கோர்ஃபு வாழ்க்கையும் அதோடு முடிந்தது. பிறகு இத்தாலியில் சான் ரெமோவில் வீடு கட்டினார். எதிரே எழும்பிய ஓட்டல் தன் அறையின் வெளிச்சத்தைக் கெடுத்ததால் இன்னொரு வீடும் கட்டி, அங்கேயே 1888 ஜனவரி 29 அன்று இறந்தார். தாள்கள் நண்பர் ஃபிராங்க்ளின் லஷிங்டனிடம் போயின. 1849-இல் கிரேக்க மலைகளில் லியரோடு குதிரையில் சுற்றிய அதே லஷிங்டன்தான். 1929-இல் அந்தக் குடும்பம் விற்றபோதுதான் அவை உலகுக்கு வெளியே வந்தன. இன்று ஓவியம் பழகுகிறவர்கள் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் அந்த வேலைத்தாள்களைத்தான்.

ஆகவே உங்கள் தாளில் எழுத்து தெரிகிறது, பென்சில் கோடு இரட்டையாக ஓடுகிறது என்பதற்காகச் சுத்தப்படுத்த உட்காராதீர்கள். மூலையில் ஊரும் தேதியும் மணியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் ஒன்று என்று போட்டு, தட்டையான ஓர் அட்டைப்பெட்டியில் வையுங்கள். அடுத்த தாளை எடுத்து, அதே தோப்பு, அதே கோட்டை, இந்த முறை காலை ஏழு மணி ஒளியில். மலை இப்போது ஒளிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், ரோஜா நிறம் இராது. என்ன நிறம் என்று தாளில் எழுதுங்கள்.